நாயின் கால் நடுங்கினால்...

சென்ற மாதம் இரத்த அழுத்தம் பார்க்க வந்த சகோதரி ஒருவர், எழுந்து போகும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "டொக்டர், மடத்தின்ர நாய்க்கு ரெண்டு நாளாப் பின்னங்கால் நடுங்குது. பனடோல் ஒண்டு குடுக்கவோ?" மடம் விடுமுறையில் வெளிநாடு போயிருந்தார். நாய்க்கு ஏதும் ஆனால் பழி தன் மேல் விழும் என்ற பயம் அவருக்கு.

நாம் மிருக வைத்தியர் அல்லர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொன்னோம்: கொடுக்கவே வேண்டாம். பரசிட்டமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுப்ரூபன் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். பூனைக்கு ஒரு பரசிட்டமோல் மாத்திரையே எமனாகலாம்.

எல்லா நடுக்கமும் நோயல்ல. குளித்த ஈரத்தோடு ஏசி அறையில் படுத்தாலும், பெருநாள் வாணவெடிக்குப் பயந்தாலும் நாய் நடுங்கும். வயதான நாய்க்குத் தசை வற்றி, மூட்டுத் தேய்ந்து, நிற்கும்போது பின்னங்கால் ஆடும். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு பாயை விரித்து விடுங்கள். ஓரிரு நாளில் வைத்தியரிடம் காட்டினால் போதும்.

இந்த நாட்டில் முதலில் யோசிக்க வேண்டியது வெயிலை. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யத் தடை இருக்கிறதல்லவா? நாய்க்கு அதுவும் போதாது. மாலையிலும் நடைபாதை கொதிக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். சில வினாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. கடுமையாக இரைத்து, தள்ளாடி, கால் நடுங்கினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் கார்ப் பயணம்.

அடுத்தது உண்ணி. வளைகுடாவில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி சுவர் வெடிப்பிலும் வாழும். வீட்டுக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். அது பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியால் காய்ச்சல், சோர்வு, மூட்டு வலி, சிலவேளை மூக்கில் இரத்தம் வரும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தேடிப் பாருங்கள். கண்டால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம்.

தடுப்பூசி போடாத குட்டி தூக்கத்திலும் விடாமல் காலை வெட்டி வெட்டி இழுத்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். கரப்பான் மருந்து, சொக்லேட், சைலிட்டோல் சேர்ந்த சீனியில்லாச் சூயிங்கம் ஆகியவையும் நடுக்கம் தரும் நஞ்சுகள். மருந்து அடித்த வீட்டில் நாய் நடுங்கினால் பிள்ளைகளையும் உடனே வெளியே கொண்டு வாருங்கள்.

எழும்ப முடியாமை, வலிப்பு, வாயில் நுரை, வெளிறிய அல்லது நீலமான முரசு, பாலூட்டும் தாய் நாயின் நடுக்கம், இவற்றில் எதைக் கண்டாலும் அந்த மணித்தியாலமே மிருக வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு காலை ஊன்றாமல் தூக்கி வைத்தால், சாப்பாட்டை வெறுத்தால், அன்றைக்கே.

அந்தச் சகோதரியிடம், நடுக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து மடத்துக்கு அனுப்பச் சொன்னோம். அரை மணியில் பதில் வந்ததாம். வைத்தியரின் மேசையில் ஏறியதும் நாய் நடுங்கவே இல்லையாம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வைத்தியர் இரத்தம் எடுத்திருக்கிறார். உண்ணிக் காய்ச்சல். இப்போது மாத்திரையில் தேறி வருகிறது.