குரலும் வலுவும்: பேஸ் கிட்டாருக்கு ரேக் கட்டும்போது

பேஸ் கிட்டாரின் தந்தியைச் சுண்டியதும் பிக்கப்பில் பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. அது கேட்பவரின் நெஞ்சில் வந்து முட்டும் ஒலியாவதற்குள் மூன்று வேலைகள் நடக்க வேண்டும். அந்தச் சிறு சிக்னலுக்கு ஒரு குரல் கொடுப்பது ப்ரீஆம்ப். ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைச் சேர்ப்பது பவர் ஆம்ப். காற்றைத் தள்ளுவது கேபினெட். கடையில் ஆம்ப் ஹெட் என்று விற்கும் பெட்டியில் முதல் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் நாமே தேர்ந்தெடுத்து, ஒரே சட்டத்தில் திருகி வைத்துக்கொள்வதுதான் ரேக்.

எனவே ரேக் கட்ட நினைப்பவர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, பணம் எதற்காகப் போகிறது என்பதை. குரலுக்கான பெட்டியைக் காதால் தேர்ந்தெடுக்க வேண்டும். வலுவுக்கான பெட்டியைக் கணக்குப் போட்டு வாங்கினால் போதும். இவை இரண்டையும் தாண்டிச் சட்டத்தில் ஏறும் ஒவ்வொன்றும் எடையையும் இரைச்சலையும் பழுதாகும் வாய்ப்பையும் கூட்டும். இதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரேக் சட்டம் தொலைபேசி நிலையங்களில் கருவிகளை அடுக்கப் பிறந்தது. முகப்பின் அகலம் 19 அங்குலம். உயரத்தை யூனிட் கணக்கில் சொல்வார்கள். ஒரு யூனிட் 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். எந்த நாட்டில் எந்த நிறுவனம் செய்த கருவியானாலும் இந்த அளவில் பொருந்திவிடும். ஆழத்துக்கு மட்டும் அப்படி ஒரு பொது அளவு கிடையாது.

பேஸ் வாசிப்பவர்கள் இதன் பக்கம் திரும்பியதற்குக் காரணம் உண்டு. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப். உள்ளே 14 வால்வுகள். ஹெட் மட்டுமே ஏறத்தாழ 38 கிலோ. அந்த வலுவுக்கு அப்போது பேஸ் உலகில் இணையே இல்லை. ஆனால் அதே காலத்தில் கிரவுன் டிசி-300 போன்ற டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்கள் ஸ்டுடியோக்களுக்கும் அரங்க ஒலிபெருக்கிகளுக்கும் வந்துவிட்டிருந்தன. அவற்றுக்கென்று தனிக் குரல் கிடையாது. கொடுத்ததைப் பெருக்கித் தரும், அவ்வளவுதான். குரலுக்கு நல்ல ப்ரீஆம்ப் ஒன்றை முன்னால் வைத்தால் போதுமே என்று தோன்றியது இயல்பு. கிரேட்ஃபுல் டெட் குழுவோடு சேர்ந்து வளர்ந்த கலிஃபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனம், ஃபெண்டர் டூயல் ஷோமேன் ஆம்பின் ஒலிச்சுற்றை அடிப்படையாகக் கொண்டு எஃப்-2பி என்ற ஒரு யூனிட் வால்வு ப்ரீஆம்பைச் செய்தது. ரேக் பேஸ் என்றதும் அனுபவசாலிகள் பலர் முதலில் சொல்லும் பெயர் இன்றைக்கும் அதுதான்.

இன்று கிளாஸ்-டி ஹெட்டுகள் வந்துவிட்டன. இரண்டு மூன்று கிலோ எடையில் 500 வாட்டுக்கு மேல் தரும் ஹெட்டைத் தோள்பையில் போட்டுக்கொண்டு போகலாம். மாதம் ஓரிரு நிகழ்ச்சி மட்டும் செய்பவருக்கு அதுவே போதும். ரேக் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ப்ரீஆம்ப் ஒன்றின் குரல் மனதில் பதிந்து அதுதான் வேண்டும் என்பவர்களுக்கும், வயர்லெஸ், கம்ப்ரஸர் எல்லாம் நிரந்தரமாக இணைந்திருக்க, மூடியைத் திறந்ததும் வாசிக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பவர்களுக்கும்தான் ரேக் உண்மையிலேயே உதவும்.

வாங்கும் வரிசையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள், கேபினெட்டிலிருந்து. நான்கு தந்தி பேஸின் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி பேஸின் பி தந்தி ஏறத்தாழ 31. இதைப் படித்ததும் பலர் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் கேபினெட்டைத் தேடுகிறார்கள். தேவையில்லை. எஸ்விடியோடு வரும் எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர் கேபினெட் முழுக்க மூடிய பெட்டி; 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி நன்றாகவே சரியத் தொடங்கும். ஆனாலும் ராக் இசையில் பேஸ் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே காட்டியது அந்தப் பெட்டி. ஈ தந்தியின் ஒலியில் 82 ஹெர்ட்ஸில் இருக்கும் முதல் மேற்சுரம் மிக வலுவானது. அதையும் அதற்கு மேலே உள்ளவற்றையும் கேட்டாலே காது அடிச் சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்கிறது.

துளை வைத்த கேபினெட்டுகள் இன்னும் கீழே இறங்கும். ஆனால் அந்தத் துளை எந்த அதிர்வெண்ணுக்காக அமைக்கப்பட்டதோ அதற்குக் கீழே போனால், ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றின் அழுத்தம் இராது. காதுக்குக் கேட்காத அதிர்வுக்கெல்லாம் கோன் வெளியே பாயும். அதனால் ரேக்கில் எங்காவது ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் இருப்பது நல்லது. 30, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வெட்டிவிடும். ஒலி மெலிந்ததாகத் தெரியாது. ஸ்பீக்கரின் ஆயுளும் ஆம்பின் வலுவும் மிஞ்சும். பல பவர் ஆம்ப்களின் பின்புறத்திலேயே இதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்காமலே வருடக்கணக்கில் வாசிப்பவர்கள் உண்டு.

அடுத்தது வாட் கணக்கு. வாட்டை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு வித்தியாசம். 300 வாட்டிலிருந்து 600க்குப் போகச் செலவழிக்கும் பணத்தில் அதே மாதிரி இன்னொரு கேபினெட் வாங்கினால் பலன் அதிகம். ஸ்பீக்கர் பரப்பும் இரட்டிக்கிறது, மொத்த மின்தடை (ஓம்) குறைவதால் ஆம்பிலிருந்து வரும் வலுவும் கூடுகிறது. கீழ்ச்சுரங்களில் இரண்டும் சேர்ந்து 6 டெசிபல் வரை போகலாம். கேபினெட்டின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். 97 டெசிபல் கேபினெட்டுக்குப் பதில் 100 டெசிபல் கேபினெட் எடுப்பது ஆம்பின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். பலரும் பார்க்காமல் விட்டுவிடும் எண் இது.

ஓம் விஷயத்தில் தவறினால் கருவியே போய்விடும். 8 ஓம் கேபினெட்டுகள் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம். நான்கைப் போட்டால் 2 ஓம். பவர் ஆம்பின் இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கும் பிரிட்ஜ் முறையில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் பார்க்கும். 4 ஓம் கேபினெட்டைப் பிரிட்ஜில் போட்டால் ஆம்புக்கு அது 2 ஓம் சுமை. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண் பெரும்பாலும் இந்த பிரிட்ஜ் முறையில், மிகக் குறைந்த ஓமில் எடுத்ததாகவே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் கேபினெட்டின் ஓமுக்கு ஒரு சேனல் எவ்வளவு தருகிறது என்பதை. டிரம்ஸோடு நடுத்தர அரங்கில் வாசிக்க, 4 ஓமில் 500 முதல் 800 வாட்டும் நல்ல கேபினெட் ஒன்றும் தாராளம். ஆம்பையும் கேபினெட்டையும் இணைக்க ஸ்பீக்கருக்கான தடித்த கேபிள்தான் வேண்டும், முனையில் ஸ்பீக்கான் இருந்தால் சிறப்பு. கிட்டார் கேபிளை அங்கே போடவே கூடாது. பவர் ஆம்ப் வால்வு வகையாக இருந்தால் ஸ்பீக்கரை இணைக்காமல் இயக்கவும் கூடாது.

இப்போது ப்ரீஆம்ப். நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் இது. ப்ரீஆம்ப்களை மூன்று குணங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். அலெம்பிக்கும் டெமிடர் விடிபிபி-201 போன்றவையும் வால்வின் தெளிவான, விரிந்த குரல் கொண்டவை. விரல் தந்தியில் படும் விதம்கூட அப்படியே வெளியே வரும். நன்றாக வாசிப்பவரை இன்னும் நன்றாகக் காட்டும், பிசகையும் மறைக்காது. அடுத்தது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் ஆர்பிஐ வழி: வால்வே இல்லாமல், முறுக்கிவிட்ட வால்வு ஆம்பும் அதன் ஸ்பீக்கரும் சேர்ந்து தரும் உறுமலை மின்சுற்றால் உருவாக்குவது. அதிலுள்ள பிளெண்ட் குமிழ் அருமையான வசதி. பேஸின் தூய ஒலியையும் உறுமலையும் வேண்டிய அளவில் கலக்கலாம். அடிநாதம் கரையாமலே கரகரப்பு கிடைக்கும். மூன்றாவது, எதையும் சேர்க்காமல் உள்ளதைக் கூட்டிக் குறைக்க மட்டும் விடும் ப்ரீஆம்ப். விதவிதமான பாணிகளில் வாசிக்க வேண்டிய ஸ்டுடியோ கலைஞருக்கு அது பொருந்தும்.

கடையில் சோதிக்கும்போது தனியாக வாசித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தனியே கேட்கும்போது மயக்குவது, கீழ்ச்சுரமும் மேல்சுரமும் தூக்கி நடுப்பகுதி உள்வாங்கிய ஒலி. குழுவோடு சேர்ந்ததும் அது காணாமல் போய்விடும். கீழே கிக் டிரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே சிம்பல் பிடித்துக்கொள்ளும். பேஸின் சுரம் எது என்று காது அடையாளம் காண்பதெல்லாம் ஏறத்தாழ 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையான நடுப்பகுதியில்தான். ஆகவே நடுப்பகுதியை நுணுக்கமாகச் சரிசெய்ய எத்தனை வசதி தருகிறது என்று பாருங்கள். எந்த அதிர்வெண்ணைக் கூட்டுவது என்பதையும் நாமே தேர்ந்தெடுக்கக்கூடிய நடுக் குமிழ் உள்ள ப்ரீஆம்ப், பத்துப் பட்டை ஈக்வலைசரை விட விரைவாகக் காரியத்தை முடிக்கும். உங்கள் சொந்த பேஸையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸ் என்றால் ப்ரீஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் ஒரு மெகாஓம் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மிக்ஸரின் லைன் உள்ளீடு போலப் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம் மட்டும் இருந்தால் மேல்சுரங்கள் மங்கிவிடும்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் கம்ப்ரஸரை ரேக்கில் மூன்றாவதாக வாங்கலாம். டிபிஎக்ஸ் 160 வரிசை பேஸுக்குப் பெயர் பெற்றது. 4:1 என்று வைத்தால், நாம் குறித்த எல்லையை 4 டெசிபல் தாண்டும் ஒலி 1 டெசிபல் மட்டுமே தாண்டி வெளியே வரும். கம்ப்ரஸர் அழுத்தத் தொடங்க எடுத்துக்கொள்ளும் அட்டாக் நேரத்தைக் கொஞ்சம் மெதுவாக வையுங்கள். விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் ‘டொக்’ பிழைத்து வர வேண்டும். அது நசுங்கினால் தாளமே சோர்ந்துவிடும். வாசிக்கப் பழகும் காலத்தில் கம்ப்ரஸர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விரலின் சமநிலையை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சுருதி சேர்க்க ரேக் ட்யூனர் அழகாக இருக்கும். ஆனால் காலடியில் வைக்கும் பெடல் ட்யூனரே போதும். வயர்லெஸ் ரிசீவர் வைப்பவர்கள் ஆன்டெனாவை முகப்புப் பக்கம் கொண்டுவர வேண்டும்.

ப்ரீஆம்பின் சிக்னலை நேராக அரங்க ஒலியமைப்புக்கு அனுப்பும் டிஐ வெளியீடு இவற்றையெல்லாம் விட முக்கியம். ஓரளவு பெரிய அரங்கில் மக்கள் கேட்பது உங்கள் கேபினெட்டை அல்ல, ப்ரீஆம்பிலிருந்து சவுண்ட் இன்ஜினியரிடம் போகும் சிக்னலை. ரஷ் குழுவின் கெடி லீ இதன் எல்லைக்கே போனவர். ரேக்கிலிருந்தே ஒலியை நேராக அரங்கத்துக்கு அனுப்பியதால் அவருக்கு மேடையில் கேபினெட்டே தேவைப்படவில்லை. 2002 சுற்றுப்பயணத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்பத் துணி உலர்த்தும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தினார். உங்கள் ப்ரீஆம்பின் டிஐ, எக்ஸ்எல்ஆர் வடிவில் இருக்க வேண்டும். கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சும் இருக்க வேண்டும். அரங்க ஒலியமைப்போடு இணைத்ததும் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வந்தால் அந்த ஸ்விட்சைத்தான் தட்ட வேண்டும். ப்ளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு ரீங்காரத்தை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. தந்தியைக் கையால் தொட்டுக்கொண்டு, உதட்டருகே மைக்கை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த எர்த் ஒன்றுதான் காவல்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வரும் கருவி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். வாங்கும் முன் பின்புறத்தைப் பாருங்கள். 100–240 என்று எழுதியிருந்தால் கவலையில்லை. பவர் கண்டிஷனர் என்ற பெயரில் விற்கும் ஒரு யூனிட் பெட்டிகள் பெரும்பாலும் திடீர் மின்னெழுச்சியைத் தடுத்து, இரைச்சலைச் சற்று வடிகட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள்தான். வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் அவை சரிசெய்யாது. ஜெனரேட்டரை நம்பி ஓடும் கோயில் திருவிழா, கல்யாண மேடைகளில் வாசிப்பவர்கள், ஆம்புக்குத் தாங்கும் அளவுள்ள ஸ்டெபிலைசரைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டி நான்கு யூனிட் போதும். அடியில் இரண்டு யூனிட் பவர் ஆம்ப், மேலே ப்ரீஆம்ப், மீதி ஒரு யூனிட்டில் கம்ப்ரஸரோ மின்பகிர்வோ. கனமானது கீழேதான் இருக்க வேண்டும். ஆழமான பவர் ஆம்பை முகப்புத் திருகு நான்கில் மட்டும் தொங்கவிட்டால் வண்டிக் குலுக்கலில் தகடு வளைந்துவிடும். பின்பக்கமும் தாங்கு கொடுங்கள். ஆழத்தை அளக்கும்போது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஜாக்குகளுக்கும் சேர்த்து அளக்க வேண்டும். பவர் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், பக்கத்திலுள்ள ப்ரீஆம்பில் ரீங்காரத்தை ஏற்றும் பழக்கமுள்ளது. இரைச்சல் கேட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு யூனிட் இடைவெளி விட்டுப் பாருங்கள். அதற்காகவே ஆறு யூனிட் பெட்டி வாங்குபவர்களும் உண்டு. விசிறி காற்றை முன்னிருந்து பின்னே தள்ளுகிறதா, பின்னிருந்து முன்னேயா என்றும் கவனியுங்கள். இயங்கும்போது இரு பக்க மூடியும் திறந்தே இருக்க வேண்டும்.

பழையது வாங்கலாமா என்றால், ப்ரீஆம்பை நம்பி வாங்கலாம். பவர் ஆம்பை மட்டும் கேபினெட்டோடு இணைத்து, இரண்டு சேனலையும் தனித்தனியே, அரைமணி நேரமாவது உரக்க ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். சூடானபின்தான் பல கோளாறுகள் தலைகாட்டும்.

எல்லாம் கட்டி முடித்தபின் அளவு வைக்கும் முறை இது. பவர் ஆம்பின் குமிழை மூடிவிட்டு, நீங்கள் வாசிக்கும் மிகப் பலமான அடியில் ப்ரீஆம்பின் கிளிப் விளக்கு எப்போதாவது மின்னும் அளவுக்கு கெயினை ஏற்றுங்கள். பிறகு பவர் ஆம்பை மெல்லத் திறந்து தேவையான உரப்புக்குக் கொண்டுவாருங்கள். பவர் ஆம்பின் குமிழ் பாதியில் இருப்பதால் பாதி வாட்தான் வரும் என்று எண்ண வேண்டாம். அது உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் குமிழ், முன்னிருந்து வலுவான சிக்னல் வந்தால் பாதியிலேயே முழு வலுவும் வந்துவிடும். போடும்போது ப்ரீஆம்ப் முதலில், பவர் ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.