ஊர் கூடி அமைக்கும் கரப்பந்தாட்ட மைதானம்

நீண்ட காலத்துக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறீர்கள். வளவைத் துப்புரவாக்க வேண்டும், கிணற்றை இறைக்க வேண்டும், கூரை போட வேண்டும், பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். இத்தனை வேலைகளுக்கிடையே விளையாட்டு மைதானம் பற்றிப் பேசுவது அவசரமில்லாத விடயமாகத் தோன்றலாம்.

வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மயிலிட்டி மக்கள் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இடையில் 27 ஆண்டுகள். பத்து வயதில் ஊரை விட்டுப் போனவர் முப்பத்தேழு வயதில் திரும்பி வருகிறார். அவருடைய பிள்ளைகள் நலன்புரி நிலையத்திலோ வேறு ஊரில் வாடகை வீட்டிலோ வளர்ந்தவர்கள். பெரியவர்களுக்குப் பக்கத்து வளவுக்காரரைத் தெரியும். பிள்ளைகளுக்கு அவர்களின் பெயர்கூடத் தெரியாது. இந்தப் பிள்ளைகள் தினமும் பின்னேரம் ஒன்றுசேர ஓரிடம் வேண்டும். மிகக் குறைந்த செலவில் அந்த இடத்தைத் தருவது கரப்பந்தாட்டம்: இரண்டு தூண், ஒரு வலை, ஒரு பந்து.

இந்த விளையாட்டு நமக்குப் புதியதன்று. 1916 இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. மூலம் இலங்கைக்கு வந்தது. 1991 இல் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. ஆவரங்கால், புத்தூர் பக்கத்துக் கழகங்களின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டால் பழைய மைதானம் எங்கே இருந்தது என்பதையும் சொல்வார்கள்.

முதலில் பாதுகாப்பு

மண்வெட்டியை எடுக்கும் முன் கிராம அலுவலரிடம் போங்கள். நீங்கள் நினைத்திருக்கும் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு, முறைப்படி கையளிக்கப்பட்ட காணியா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். "ஆடு மாடு மேய்கிறது, ஒன்றும் இல்லை" என்ற பேச்சை நம்பி வேலை தொடங்க வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒரு விடயம் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றல் குறிப்பிட்ட ஓர் ஆழம் வரைக்குமே செய்யப்படுகிறது. தூண் நடுவதற்கு நீங்கள் தோண்டப்போகும் குழி ஏறக்குறைய ஒரு மீற்றர் ஆழமானது. ஆகவே எவ்வளவு ஆழம் தோண்டப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தேவையானால் கண்ணிவெடி அகற்றும் குழுவை அழைத்து அந்த இடத்தைப் பார்க்கச் செய்யும்படி கேளுங்கள்.

வேலை செய்யும்போது சந்தேகத்துக்குரிய எந்தப் பொருளைக் கண்டாலும் தொட வேண்டாம். கல்லால் எறிய வேண்டாம். தீ மூட்ட வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, வந்த வழியாலேயே திரும்பிப் போங்கள். உடனே கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவியுங்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை இருக்கும் இடத்துக்குள் பந்து போனால் பந்து அங்கேயே கிடக்கட்டும். இதைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

காணி யாருடையது?

ஆளில்லாமல் கிடக்கும் வளவுக்கும் உரிமையாளர் இருக்கிறார். அவர் இன்னும் முகாமில் இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கலாம், அடுத்த வருடம் திரும்பி வரலாம். எல்லைக் கற்களும் வேலிகளும் அழிந்துபோன ஊரில், ஒருவருடைய காணியை மைதானமாக்குவது நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும் வழக்கில் முடியக்கூடும். பாடசாலைக் காணி, கோவில் அல்லது தேவாலயக் காணி, சனசமூக நிலையக் காணி, பிரதேச சபைக்குரிய காணி ஆகியவற்றை முதலில் பாருங்கள். தனியார் காணியென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மணலா, செம்மண்ணா?

வடமராட்சி கிழக்கு போன்ற கரையோர ஊர்களில் மணல் ஏற்கெனவே காலடியில் இருக்கிறது. அங்கே நிலத்தை மட்டப்படுத்தி, முள்ளும் கல்லும் பொறுக்கினால் பெரும் வேலை முடிந்துவிடும்.

செம்மண் ஊர்களில் மணல் கொண்டுவந்து கொட்ட நினைக்கும் முன் கணக்குப் பாருங்கள். மணல் மைதானத்தின் நீளம் 16 மீற்றர், அகலம் 8 மீற்றர். சுற்றிவர 3 மீற்றர் வெறும் இடம் விட்டால் ஒன்றேகால் பரப்புக் காணி வேண்டும். மணல் குறைந்தது 40 சென்ரிமீற்றர் ஆழம் இருக்க வேண்டும். அவ்வளவையும் நிரப்ப ஏறத்தாழ 43 கியூப் மணல் தேவை. இதற்கு ஆகும் பணத்தில் வேறு எத்தனையோ செய்யலாம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றுவது குற்றம். கடற்கரை மணல்மேடுகள் ஊரைக் கடலிலிருந்து காப்பவை. நன்னீரைத் தேக்கி வைப்பவை. எங்கிருந்து அள்ளியது என்று தெரியாத மணலுக்குள் வெடிபொருளும் வரலாம்.

ஆகவே செம்மண் ஊரில் செம்மண்ணிலேயே விளையாடுங்கள். ஆறு பேர் ஆடும் வழமையான மைதானம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். நிலத்தை மட்டப்படுத்தி, தண்ணீர் தெளித்து, இறுக்கினால் போதும்.

அளவும் அமைப்பும்

மைதானத்தின் நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருக்கட்டும். அப்போது பின்னேர வெயில் எந்த அணியின் கண்ணிலும் நேரே அடிக்காது. மூலைகள் சரியா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளவுங்கள். மணல் மைதானத்தில் இரண்டும் 17 மீற்றர் 89 சென்ரிமீற்றர் வர வேண்டும்.

வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். சிறுவர்களுக்கு 2 மீற்றர் வரை இறக்கிக் கட்டலாம். வலையை ஏற்றி இறக்கக்கூடியதாகத் தூண்களில் கொளுக்கிகளை வையுங்கள். தூண்கள் பக்கக் கோட்டிலிருந்து 70 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் தள்ளி நிற்க வேண்டும். பனை தறிப்பதற்கு அனுமதி தேவை என்பதால் இரும்புக் குழாய் வசதியானது. ஓடி வந்து மோதினாலும் காயப்படாதபடி தூணைச் சுற்றிப் பழைய மெத்தைப் பஞ்சைக் கட்டுங்கள். மணலில் கோட்டுக்குக் கயிறு போட்டால் கால்விரல் சிக்கும். தட்டையான நாடா நல்லது.

சிரமதான நாள்

ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, வீட்டுக்கு ஒருவரை அழையுங்கள். அலவாங்கு, மண்வெட்டி, கடகம், அரிதட்டு இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லோரும் செருப்போ சப்பாத்தோ போட்டிருக்க வேண்டும். முட்கம்பித் துண்டு, போத்தல் ஓடு, நெருஞ்சி முள் மூன்றும் வெறுங்காலுக்கு எதிரிகள். மணலின் மேற்பகுதியை அரித்தெடுங்கள். துருப்பிடித்த கம்பி குத்தியவரை அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்பி ஏற்பு ஊசி போடச் செய்யுங்கள். நாய்கள் மணலை அசுத்தப்படுத்தாமல் இருக்கப் பழைய மீன்பிடி வலையால் சுற்றிவர அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் தண்ணீர் வழிந்தோட ஒரு வாய்க்கால் வெட்டினால் நுளம்பும் பெருகாது.

மைதானம் எல்லோருக்கும்

மைதானம் அமைத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இளைஞர்கள் மட்டும் தினமும் பின்னேரம் பிடித்துக்கொண்டால் பெண்பிள்ளைகளும் சிறுவர்களும் வேலிக்கு வெளியே நிற்பார்கள். ஆரம்பத்திலேயே நேரம் ஒதுக்குங்கள். எழுதிச் சனசமூக நிலையத்தில் ஒட்டுங்கள். பெண்பிள்ளைகளின் நேரத்துக்கு மாதர் சங்கம் பொறுப்பெடுக்கலாம். அணிகளைத் தெருவாகவோ முகாமாகவோ பிரிக்க வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். நேற்று வந்த குடும்பத்துப் பிள்ளை முன்பே வந்த குடும்பத்துப் பிள்ளையோடு ஒரே பக்கத்தில் நிற்கட்டும். கரப்பந்தாட்டத்தில் ஒருவர் பந்தை அடுத்தடுத்து இரண்டு தடவை தொட முடியாது. பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கழகத்தைப் பதிவுசெய்யவும் பிரதேச மட்டப் போட்டிகள் பற்றி அறியவும் உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மைதானத்துக்கான காணியைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு எங்கள் கள உத்தியோகத்தரையும் அழையுங்கள். பாதுகாப்பு விடயங்களைக் கிராம அலுவலரோடு சேர்ந்து பார்த்துத் தருவோம்.