ரெண்டு ஆண் தட்டான் சேர்ந்து பறந்தா... 'இயற்கைக்கு மாறானது'ன்னு சொல்வீங்களா?

வீட்டுக்குப் பின்னாடி சின்னக் குளமோ, மொட்டைமாடியில அல்லித் தொட்டியோ இருக்கா? காலையில பத்து நிமிஷம் போனை கீழே வெச்சுட்டு அதைப் பாருங்க. ரெண்டு தட்டான்கள் கோத்துக்கிட்டுப் பறக்கும். முன்னால போறது ஆண். அது வால் நுனியால பின்னால வர்றதோட தலையைப் பிடிச்சிருக்கும். பின்னால வர்றது பெரும்பாலும் பெண்தான். ஆனா, சில சமயம் அதுவும் ஆணாகவே இருக்குறதை ஆய்வாளர்கள் பதிவு செஞ்சிருக்காங்க.

எல்லாமே காதலா?

இல்லை. மழைக்காலத்துல ஆண் தேரை அவசரப்பட்டு இன்னொரு ஆண் முதுகுல ஏறிடும். கீழே இருக்கிறது 'விடு'ங்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுக்கும். மேலே இருக்கிறது இறங்கிடும். அது வெறும் ஆள் மாறாட்டம்.

ஆனா, ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னங்கள் கதை வேற. அங்கே ரெண்டு ஆண்கள் ஜோடி சேர்ந்து, கூட்டைக் காத்து, குஞ்சுகளையும் வளர்க்கிறது உண்டு.

சட்டம் என்ன சொல்லுது?

1860-ல ஆங்கிலேயர் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' உறவுன்னு சொல்லித்தான் தண்டனை கொடுத்தது. வயதுவந்த இருவர் விருப்பத்தோடு உறவு வெச்சுக்கிறது குற்றம் இல்லைன்னு 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிச்சது.

2021-ல மதுரையைச் சேர்ந்த ரெண்டு இளம்பெண்கள் பெற்றோர் எதிர்ப்பால சென்னைக்கு வந்து, உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு கேட்டாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிஞ்சுக்கணும்னு தானே ஒரு உளவியல் ஆலோசகர்கிட்ட உட்கார்ந்து பேசினார். அதுக்கப்புறம்தான் போலீஸ் இவங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது, 'மாத்திடுறோம்'னு சிகிச்சை கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். திருமண அங்கீகாரம் மட்டும் இன்னும் கிடைக்கலை. 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்துக்கு விட்டுடுச்சு.

அப்போ குளம் என்ன சொல்லுது?

'இயற்கையில இப்படி இல்லவே இல்லை'ங்கிறது பொய்னு சொல்லுது. அவ்வளவுதான். மனுஷங்க மரியாதையா வாழ, அன்னத்துக்கிட்ட சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ரெண்டு பேருக்கும் சம்மதம், யாருக்கும் கெடுதல் இல்லை. அது போதும்.

நாளைக்கு உங்க ஃப்ரெண்ட் ஒருத்தர் தன்னைப் பத்திச் சொன்னா, மூணு விஷயம் செய்யுங்க:

* 'டாக்டரைப் பார்க்கலாமா?'ன்னு கேட்காதீங்க.
* அவர் அனுமதி இல்லாம யார்கிட்டயும், முக்கியமா அவர் வீட்ல, சொல்லாதீங்க.
* 'உன் ஆளு எப்படி இருக்காங்க?'ன்னு மத்தவங்ககிட்ட கேட்கிற மாதிரியே கேளுங்க.