நெருக்கி விதைத்த வயலில் அறக்கொட்டி

பச்சையாக நிற்கும் வெள்ளாமையின் நடுவே, பாய் விரித்த அளவுக்கு வட்டமாகக் காய்ந்த இடத்தை நம் வட்டைகளில் பார்த்திருப்பீர்கள். நெருப்பு வைத்தாற்போல் இருக்கும். அது அறக்கொட்டியின் வேலை. பாடப் புத்தகத்தில் அதன் பெயர் கபில நிறத் தத்தி.

இலையில் தேடினால் அது அகப்படாது. தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும். அதற்கு வேண்டியது நிழலும் ஈரமும். நெருக்கி விதைத்தால் இரண்டையும் நாமே கொடுக்கிறோம். யூரியாவைக் கூட்டினால் இன்னும் பெருகும். மேலே அடிக்கும் மருந்து அடர்ந்த இலைகளோடு நின்றுவிடுகிறது. அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள்தான் சாகின்றன.

ஏக்கருக்கு 2 புசல் விதை போதும் என்பது விவசாயத் திணைக்களத்தின் கணக்கு. வாப்பா 4 புசல் வீசுவார். "புல்லுக்கு இடம் வைக்கக்கூடா மகள்" என்பார். அதுவும் பொய்யல்ல, பயிர் அடர்ந்தால் களை குறையும். ஆனால் போன பெரும்போகத்தில் ஒரு வரவை முழுதும் எரிந்து, உரக்கடன் மட்டும் மிஞ்சியது.

தமிழ்நாட்டில் நாற்று நடுகிறவர்கள் 8 அடிக்கு 1 அடி வெற்றிடம் விடுவதுண்டு. வெயிலும் காற்றும் உள்ளே போகும். இறங்கித் தூரைப் பார்க்கவும் வழி கிடைக்கும். வீசி விதைக்கும் நாமும் அப்படி வழி விடலாம். பூச்சி கண்டால் வக்கடையைத் திறந்து சில நாள் தண்ணீரை வடிய விடலாம்.

இந்தப் போகம் ஒரு வரவைக்கு மட்டும் 2 புசல் கணக்கில் விதைக்க வாப்பா சம்மதித்தார். புல் பிடுங்குவது உம்மாவும் நானும்.