வெல்லுறதைப் பற்றிக் கதைக்காத கிளப்

சனிக்கிழமைகளில் மகனுக்கு மட்ச். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அப்பாவின் போன் வந்துவிடும். "என்னடா, வெண்டியளோ?"

மகனுக்கு ஒன்பது வயது. "அப்பப்பா, நாங்கள் எண்ணுறதில்லை" என்பான். போனை வைத்த பிறகு என் காதுக்குள் வந்து, "ஏழுக்கு நாலு. நாங்கள்தான்" என்பான்.

நோர்வேயில் இது விதி. பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டு வரைக்கும் புள்ளிப்பட்டியல் கிடையாது, முடிவுகளை வெளியிடவும் கூடாது. 13 வயதுக்கு முதல் தேசியச் சாம்பியன்ஷிப் ஒன்றும் இல்லை. விளையாட்டுச் சம்மேளனம் 1987இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சின்னாட்களின் உதைபந்தாட்டத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது: ஒரு பக்கம் 4 கோல் முன்னுக்குப் போய்விட்டால், மற்றப் பக்கம் ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம். இதை அப்பாவுக்குச் சொன்னபோது, "அப்ப ஏன் விளையாடுறாங்கள்?" என்று கேட்டார். பிள்ளைகள் மனசுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

"சின்னப் பிள்ளையளுக்குச் சரி. பெரியாக்களின்ர விளையாட்டில இது எடுபடுமோ?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் பூடோ/கிளிம்ட்.

2025 மே மாதம் டொட்டன்ஹாமோடு யூரோப்பா லீக் அரையிறுதியில் விளையாடிய மஞ்சள் அணி என்றால் லண்டனில் இருப்பவர்களுக்கு ஞாபகம் வரும். பூடோ வட நோர்வேயில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று மேலே, கடலோரத்தில் இருக்கும் ஊர். சனத்தொகை 50,000க்குச் சற்று மேல். ஆஸ்ப்மீரா என்ற மைதானத்தில் சுமார் 8,000 பேர்தான் கொள்ளும். குளிரில் புல் நிற்காது என்பதால் தரை செயற்கைப் புல். இந்த ஊரிலிருந்து ஒரு கிளப் ஐரோப்பிய அரையிறுதிக்குப் போனது. நோர்வேயின் எந்தக் கிளப்பும் அதற்கு முதல் அவ்வளவு தூரம் போனதில்லை.

கிளப்பின் பெயர் கிளிம்ட். மின்னல் வெட்டு, பளிச்சென்ற ஒளி என்று சொல்லலாம். 1916 செப்டெம்பரில் தொடங்கினார்கள். நாட்டில் இதே பெயரில் இன்னொரு கிளப் இருந்தபடியால் 1948இல் முன்னால் ஊர்ப்பெயரைச் சேர்த்தார்கள். நடுவில் 1940 மே 27இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் பூடோவின் பெரும்பகுதி எரிந்துபோனது. இன்றைக்கு அங்கே போய் பழைய மரவீடுகளைத் தேடினால் அதிகம் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் இந்தக் கிளப்பின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1963 வரைக்கும் வட நோர்வே அணிகள் நாட்டின் கிண்ணப் போட்டியில் சேரவே முடியாது. முதற்பிரிவு லீக்குக்கு வடக்கிலிருந்து முதல் அணி வந்தது 1972இல். தூரம், காலநிலை என்று காரணம் சொன்னார்கள். வடக்கத்தியருக்கு அந்தத் தரம் இல்லை என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. கதவு திறந்த பிறகும் வடக்குப் பிரிவில் முதலாவதாக வருகிற அணி நேரே மேலே போக முடியாது, தெற்கு அணிகளோடு இன்னொரு சுற்று ஆடவேண்டும். தெற்கில் அந்த விதி இல்லை. கிளிம்ட் அந்தச் சுற்றிலேயே மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் கீழே கிடந்தது.

அந்தக் காலத்தில் ஒஸ்லோவில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் "வடக்கத்தியர் வேண்டாம்" என்று விளம்பரம் போட்டதும் உண்டு. இதை முதலில் கேட்டபோது எனக்கு நம்ப முடியவில்லை. வெள்ளைக்காரர், அதே நாட்டவர், அதே மொழி. 1980களில் இங்கு வந்த எங்கட ஆட்களில் பலர் முதலில் வேலைக்குப் போனது வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குத்தான். தெற்கில் வளர்ந்த எங்களைவிட அவர்களுக்கு இந்த வடக்குக் கோபம் நன்றாக விளங்கும்.

1975இல், இரண்டாம் பிரிவில் இருந்தபடியே, கிளிம்ட் நோர்வேக் கிண்ணத்தை வென்றது. வடக்குக்குப் போன முதல் கிண்ணம் அது. 1977இல் முதற்பிரிவுக்கு வந்து அந்த ஆண்டே இரண்டாம் இடம். ரசிகர்கள் பெரிய மஞ்சள் பல்துலக்கிற பிரஷைத் தூக்கிக்கொண்டு மட்சுக்கு வருகிற வழக்கமும் அந்த 70களில் தொடங்கியதுதான். கூட்டத்தைப் பாடவைக்கிற ஆள் ஒருவர் கையில் கிடந்த பிரஷை ஆட்டிப் பாட்டை நடத்தினார் என்பது கதை. பிறகு பிரஷ் பெரிதாகிக்கொண்டே போய், இப்போது ஆளைவிட உயரம்.

அதன் பிறகு நீண்ட காலம் ஏணியும் பாம்பும். 80களில் மூன்றாம் பிரிவு வரைக்கும் இறங்கினார்கள். 1993இல் மீண்டும் கிண்ணம், லீக்கில் இரண்டாம் இடம். 2005இல் கீழே, 2009இல் திரும்பவும் கீழே. 2010ஐ ஒட்டிய காலத்தில் கையில் காசே இல்லை, விளையாட்டுக்காரருக்குச் சம்பளம் இல்லை. ஊர்ச்சனம் வெற்றுப் போத்தல் சேர்த்துக் கடையில் கொடுத்து வந்த காசைக் கிளப்புக்குக் கொடுத்தது. மீனவர்கள் மீன் கொடுத்தார்கள். 2016இல் மறுபடியும் இறக்கம்.

2017இல் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஷெட்டில் க்னூட்சன், பேர்கன் பக்கத்து ஆள். நட்சத்திர விளையாட்டுக்காரராக இருந்தவர் அல்ல. முதலில் உதவிப் பயிற்றுநர், 2018இலிருந்து தலைமைப் பயிற்றுநர். மற்றவர் பியோர்ன் மான்ஸ்வெர்க், போர்விமானி. பூடோவில் அப்போது எஃப்-16 விமானத்தளம் இருந்தது. 2011இல் லிபியாவுக்கு மேலே பறந்தவர். உதைபந்தாட்டத்தில் பெரிதாக ஈடுபாடு இல்லாதவர். விமானிகள் பதற்றத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அணிக்குச் சொல்லிக்கொடுக்க அவரைக் கூப்பிட்டார்கள்.

இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை, முடிவைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தியது. இந்த வருடம் இத்தனையாம் இடம், இத்தனை புள்ளி, இந்த மட்சை வெல்லவேண்டும் என்று இலக்கு வைப்பதில்லை. எப்படி ஓடினோம், எப்படி நெருக்கினோம், பயிற்சியில் எடுத்த முடிவைக் களத்திலும் எடுத்தோமா என்பது மட்டும்தான் கேள்வி. ஒவ்வொருவரோடும் மான்ஸ்வெர்க் தனியே இருந்து கதைக்கிறார். மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் உண்டு. எதிரணி கோல் போட்டால் எல்லோரும் களத்திலேயே வட்டமாகக் கூடி நின்று என்ன நடந்தது என்று கதைப்பார்கள். ஆளைப் பார்த்து விரல் நீட்டுவதில்லை. எங்கள் வேலையில் சர்வர் விழுந்தால் இப்படித்தான் கூடிப் பேசவேண்டும் என்று எல்லாக் கம்பனியிலும் எழுதி வைத்திருப்பார்கள். உண்மையில் அப்படி நடந்து நான் பார்த்தது குறைவு.

உல்ரிக் சால்ட்னெஸ் என்ற மிட்ஃபீல்டரின் கதையை எங்கட பெற்றோர் கட்டாயம் கேட்கவேண்டும். 1992இல் பிறந்தவர். மட்ச் நாட்களில் வயிற்றுக்குள் குத்தும், பிடிக்கும். காரணம் பதற்றம். விளையாட்டையே விட்டுவிடலாம் என்று யோசிக்கிற நிலைக்கு வந்திருந்தார். மான்ஸ்வெர்க்கோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகு, சரியாக விளையாட வேண்டுமே என்ற பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்தார். அதே கிளப்பிலேயே நின்றார்.

சோதனைக்கு முதல்நாள் வயிற்றுக்குத்து எனக்கும் வந்திருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு ஓமத் தண்ணியும், "படிச்சிருந்தால் ஏன் பயம்?" என்ற கேள்வியும்தான் மருந்து. அப்பா, அம்மாவைக் குறை சொல்லவில்லை. இரண்டு வேலை செய்துகொண்டு எங்களைப் படிப்பித்தவர்களுக்கு வேறு அளவுகோல் இருக்கவில்லை. 97 எடுத்தால் மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டது அன்பில்தான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்றைக்கும் என் வாய்க்குள் இருக்கிறது. மட்ச் முடிந்து மகன் காருக்குள் ஏறும்போது, அப்பா கேட்டதைத்தான் என் நாக்கும் கேட்கத் துடிக்கிறது.

முடிவைப் பற்றிக் கதைக்காத அணிக்கு என்ன முடிவு வந்தது? 2018இல் 11ஆம் இடம். ஒருவரும் பயிற்றுநரைத் துரத்தவில்லை. 2019இல் இரண்டாம் இடம். 2020இல் சாம்பியன். 30 மட்சில் 103 கோல், 81 புள்ளி. இரண்டாவதாக வந்த மோல்டேக்கு 62. வடக்குக்கு லீக் கிண்ணம் போனது அதுவே முதல் தடவை. பிறகு 2021, 2023, 2024இலும் அவர்கள்தான்.

2021 ஒக்டோபர் 21ஆம் திகதி ஜோசே மூரின்யோவின் ரோமா அணி பூடோவுக்கு வந்து 6-1 என்று தோற்றுப்போனது. மூரின்யோவின் அணி ஒன்று ஒரே மட்சில் ஆறு கோல் வாங்கியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பேத்ரிக் பெர்க்கும் அதில் ஒரு கோல் போட்டார். அவருடைய தாத்தா ஹரால்ட் பெர்க் 1975இல் கிண்ணம் வென்ற அணியில் இருந்தவர். தகப்பன் ஒர்யானும் கிளிம்ட்டுக்கு ஆடியவர்தான். பேத்ரிக் 2022இல் பிரான்சுக்குப் போய், அந்தக் கோடையிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டார். மிலானுக்குப் போன ஜென்ஸ் பேத்தர் ஹவுகேயும் சுற்றித் திரிந்துவிட்டு 2024இல் திரும்பி வந்தார். விலைக்கு வாங்க முடியாத ஏதோ ஒன்று அந்த ஊரில் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

எல்லாம் இனிப்பான கதை என்றும் இல்லை. நோர்வேயின் மற்ற ரசிகர்கள், கிளிம்ட் ஐரோப்பியக் காசால் பெருத்துவிட்டது, இனி லீக்கில் மற்ற அணிகளால் ஈடுகொடுக்க முடியாது என்று முறைப்படுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. முடிவைப் பற்றிக் கதைக்காமல் இருப்பது, நல்ல முடிவு வந்துகொண்டிருக்கும்போது சுலபம் என்றும் ஒருவர் வாதாடலாம். ஆனால் அந்த 11ஆம் இடத்து ஆண்டிலும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

2025 ஏப்ரலில் இத்தாலியின் லாட்சியோவோடு காலிறுதி. பூடோவில் 2-0 என்று வென்றார்கள். இரண்டு கோலும் சால்ட்னெஸ் போட்டது. ரோமில் மேலதிக நேரத்துக்குப் பிறகு 3-1 என்று தோற்று, பெனால்டியில் தப்பினார்கள். டொட்டன்ஹாம் பூடோவுக்கு வர இருந்தபோது, ஒரு டிக்கெட்டுக்குப் பண்டமாற்றாகக் கலைமான் இறைச்சி தர ஒருவர் முன்வந்தது செய்தியாக வந்தது.

மே 1ஆம் திகதி லண்டனில் நடந்த முதல் மட்சை அப்பா எங்கள் வீட்டில் இருந்து பார்த்தார். நான் சால்ட்னெஸின் கதையை முதலே சொல்லி வைத்திருந்தேன். 3-0 என்று கிளிம்ட் பின்னுக்கு நின்றது. மூன்று தரமும் மஞ்சள் சட்டைக்காரர் வட்டமாகக் கூடினார்கள். "என்ன கதைப்பாங்கள்?" என்று மகன் கேட்டான். அப்பா கண்ணை எடுக்கவில்லை. "அந்த வயித்துக்குத்துப் பெடியன் நிக்கிறானோ, பாருங்கோ" என்றார். 83ஆம் நிமிடத்தில் அவன்தான் போட்டான். 3-1.

ஒரு கிழமையில் பூடோவில் 2-0 என்று தோற்று வெளியே வந்தார்கள். அடுத்த நாள் காலை போன் அடித்தது. அப்பாதான். மகனிடம் கொடுக்கச் சொன்னார். "இண்டைக்குப் பயிற்சியோ? என்ன பழக்கினவங்கள் போன முறை?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. மகன் கால்மணி நேரம் விளங்கப்படுத்தினான்.