அமைதியான பாருக்குள் நுழையும் முன்

2023 மே 21. தஞ்சாவூர் கீழவாசலில் டாஸ்மாக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அங்கிருந்த பாரில் சரக்கு கிடைத்தது. வாங்கிக் குடித்த இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆய்வில் சயனைடு என்று முடிவு வந்தது. சயனைடு எப்படி உள்ளே போனது என்பது போலீஸ் துப்புத் துலக்க வேண்டிய சங்கதி. பகல் 12 மணிக்குத் திறக்கிற கடையின் சரக்கு அதற்கு முன்பே எப்படிப் பாருக்கு வந்தது என்பதற்குத் துப்பறிவாளர் யாரும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பேருந்து நிலையத்தின் பின்பக்கம் காலையில் போய் நின்றால் விடை கண்ணெதிரே நடக்கும்.

கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் குடிப்பவர்களில் ஒரு பகுதியினர் டாஸ்மாக் வாசல் நெரிசலையும் சண்டையையும் கண்டு ஒதுங்குகிறவர்கள். அவர்கள் தேடுவது, தெரிந்தவர் கண்ணில் படாமல் உட்கார ஓர் இடம். நண்பர் யாராவது ஒரு குடியிருப்புத் தெருவைக் கைகாட்டுவார். போர்டு இருக்காது; மாடிப்படி இருக்கும், ஏசி இருக்கும், சில்லி சிக்கன் நன்றாக இருக்கும். நாற்காலி சுத்தமா, கூட்டம் குறைவா என்று பார்க்கிறவர், இந்த இடத்துக்கு யார் உரிமம் கொடுத்தார்கள் என்று மட்டும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சில்லறை மது விற்பனை 2003 நவம்பர் முதல் அரசின் டாஸ்மாக் கையில் இருக்கிறது. உட்கார்ந்து குடிக்கச் சட்டம் அனுமதிக்கிற இடங்களில் பொதுமக்கள் அறிந்தவை மூன்று வகைதான். டாஸ்மாக் கடையை ஒட்டி ஏலத்தில் விடப்படும் பார்; எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல் பார், எஃப்.எல்.2 உரிமம் பெற்ற கிளப், அதாவது மனமகிழ் மன்றம். பரோட்டா கடையின் பின்கட்டு, தோப்புக் கொட்டகை, ‘நம்ம ஆளு வீட்டு மாடி’ எதுவும் இந்தக் கணக்கில் வராது. அங்கே போலீஸ் வந்தால் நடத்துகிறவரோடு குடிக்கிறவரும் மாட்டுவார்.

டாஸ்மாக் பார் விஷயத்தில் ஊரே தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. பார் எடுத்தவருக்கு மது விற்கும் உரிமையே கிடையாது. அவர் ஏலம் எடுத்திருப்பது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். சரக்கைக் கடையின் கவுன்டரில் வாங்கிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். “நீங்க உட்காருங்கண்ணே, நானே எடுத்தாரேன்” என்று பையன் சொன்னால் அது உபசாரம் மாதிரித்தான் தெரியும். அவன் கடையிலிருந்து எடுத்து வருகிறானா, பாரின் பின்னறையிலிருந்து எடுத்து வருகிறானா என்பது உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. பகல் 12-க்கு முன்னும் இரவு 10-க்குப் பின்னும் கடை பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் வருகிற பாட்டில் நிச்சயம் பின்னறைப் பாட்டில். 12-க்கு முன் குடிக்காதீர்கள்.

ஆண்டில் சில நாள் கடை முழுக்கவே மூடியிருக்கும். அவற்றில் ஒன்று தைப்பூசத்தை ஒட்டி வரும் வடலூர் வள்ளலார் நினைவு நாள். கடலூர் மாவட்டத்து மகான் பெயரால் மாநிலமே கடையடைக்கும் அன்றைக்கும் சந்தில் சரக்கு கிடைக்கும் என்றால், அது முன்பே பதுக்கியதாக இருக்கலாம், அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம்.

அமைதி தேடுகிறவர்களை அதிகம் இழுப்பது மனமகிழ் மன்றங்கள்தான். சட்டப்படி அது உறுப்பினர்களுக்கான கிளப். தெருவில் போகிறவரை அழைத்து ஊற்றுகிற இடம் அல்ல. ஆனால் பல மன்றங்கள் சாதாரண பார் போலவே நடக்கின்றன. இதைப் பற்றி உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. உறுப்பினர் அட்டை கேட்காமல், பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் உள்ளே விட்டால் அந்த இடத்தின் உரிமமே கேள்விக்குரியது. அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: 21 வயது நிரம்பாத யாருக்கும் மது விற்கக் கூடாது. பட்டப்படிப்பு முதல் இரண்டு ஆண்டு மாணவர் பெரும்பாலோருக்கு எந்த பாரும் சட்டப்படி கிடையாது.

சரி, இடம் உரிமம் உள்ளதுதான் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலை மேசையில், கண் முன்னே திறக்கச் சொல்ல வேண்டும். மூடியைத் திருகும்போது வளையம் ‘கடக்’கென்று உடைய வேண்டும்; ஏற்கெனவே உடைந்து சும்மா சுழன்றால் அந்தப் பாட்டில் வேண்டாம். மூடி மேல் ஒட்டிய ஹோலோகிராம் கிழியாமல் இருக்கிறதா பார்க்க வேண்டும். கிளாசில் ஊற்றிக்கொண்டு வரும் ‘கட்டிங்’ யார் தந்தாலும் தொடக் கூடாது. தின்பண்டம் விற்கிறவர் உணவுப் பாதுகாப்பு உரிமத்தையோ பதிவுச் சான்றையோ சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். எண் இல்லாத சமையலறையில் நேற்றைய எண்ணெய்தான் இன்றைக்கும் கொதிக்கும்.

பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் பத்து ரூபாய் என்பதைக் குடிக்கிறவர்களே ஒரு வரியைப் போல ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அது வரி அல்ல. காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் உள்ள கடையில் வாங்கும் 10 ரூபாய் வேறு. பாட்டிலைத் திருப்பித் தந்தால் அது திரும்பி வரும். மற்றபடி கூடுதலாக வாங்கினால் பில் கேட்க வேண்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேதி, நேரம், கடை எண் (பெயர்ப் பலகையில் இருக்கும்), சரக்கின் பெயர், அச்சிட்ட விலை, வாங்கிய விலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் தொழிலாளர் துறை உதவி ஆணையருக்கும் (அமலாக்கம்) எழுதலாம். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைப் பிடிக்கும் எடையளவுச் சட்டம் இந்தத் துறையின் கையில்தான் இருக்கிறது. இது தெரியாமல் காவல் நிலையத்துக்குப் போய்ச் சிரிப்பு வாங்கித் திரும்புகிறவர்கள் ஏராளம்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஆல்பேட்டையைத் தாண்டி முள்ளோடை, கன்னியக்கோவில் பக்கம் போய்ப் புதுச்சேரி விலையில் குடித்துவிட்டு வருவது. அங்கே குடிப்பது புதுச்சேரிச் சட்டப்படி சரி. பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு எல்லை தாண்டினால் மதுவிலக்கு வழக்கு. பாட்டில் இல்லாமல் பைக்கில் வந்தாலும், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. மிச்சம் பிடித்த காசு என்னவாகும் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இனி, பாருக்குப் போகாமல் அதன் பக்கத்தில் குடியிருப்பவர்கள். இவர்கள் செய்கிற பிழைதான் மிகப் பெரியது. ‘எங்கள் தெருவில் பார் நடக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்று ஒரு வரி எழுதி, ஐம்பது கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதிகாரி அதை அடுத்த அலுவலகத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று தள்ளுவார். அங்கிருந்து ‘உரிமம் உள்ளது’ என்று பதில் வரும். கதை முடிந்தது.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். டாஸ்மாக் மாவட்ட மேலாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். இந்தக் கதவு எண்ணில் பாருக்கு நடப்பு உரிமம் உண்டா, எந்தத் தேதி வரை, எத்தனை சதுர அடிக்கு, வரைபட நகல் தருக. அவ்வளவுதான் கேள்வி, ‘ஏன்’ என்று எதுவும் கேட்க வேண்டாம், பதில் வராது. மனமகிழ் மன்றம் என்றால் அதே கேள்வி ஆட்சியர் அலுவலகத்தின் உதவி ஆணையருக்கு (கலால்). 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பிறகு தூரம். டாஸ்மாக் கடை, கல்வி நிலையத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் இருக்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டு விதி. கடலூர் மாநகராட்சி, சிதம்பரம் நகராட்சி. ஆக இரண்டு ஊரிலும் 50 மீட்டர். வணிகப் பகுதி என்று திட்ட வரைபடத்தில் குறித்த இடத்துக்கு இந்த விதி பொருந்தாது. இந்த ஒரு வரியில்தான் பாதி மனுக்கள் தோற்கின்றன. அதனால் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் அந்த இடத்தின் நிலப் பயன்பாடு என்ன என்று எழுத்தில் வாங்கி மனுவோடு இணைக்க வேண்டும். தேதியும் நேரமும் தெரியும் புகைப்படங்களும் கூடவே வேண்டும்.

மனு ஆட்சியருக்கு, நகல் உதவி ஆணையர் (கலால்), டாஸ்மாக் மாவட்ட மேலாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மூவருக்கும். மனு எண் உள்ள ரசீது வாங்காமல் வரக் கூடாது. ரசீது வாங்காமல் வரக் கூடாது. அது இல்லாமல் பின்னால் உயர் நீதிமன்றம் போனாலும் ‘மனுவே வரவில்லை’ என்பார்கள். சிதம்பரத்துக்காரர்கள் கடலூர் வரை அலைய முடியாவிட்டால், தொல்லையை நிறுத்தக் கோரி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்கீழ் சிதம்பரம் சார் ஆட்சியரிடமே மனுக் கொடுக்கலாம். உரிமம் உள்ள இடமானாலும் இரவு 10-க்கு மேல் தெருவில் நடக்கும் கூச்சலுக்கு இந்த வழி உண்டு. உரிமமே இல்லாத சந்துக்கடை என்றால் 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

கடைசியாக, உயிர் விஷயம். கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்கள்: 2001-ல் பண்ருட்டிப் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். எல்லாம் மெத்தனால். அது உடனே கொல்லாது. பல மணி நேரம் சாதாரண போதை போலவே இருந்துவிட்டு, பிறகுதான் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று காட்டும். ‘தூங்கினால் தெளிந்துவிடும்’ என்று படுக்க வைப்பதும் மோர் கொடுப்பதும்தான் அந்த மணி நேரங்களைத் தின்கின்றன. வழக்கு வருமோ என்று பயந்து உள்ளூர் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குவது அதைவிட மோசம்.

உடனே 108. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், எங்கே, எத்தனை மணிக்கு, என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிச்சமிருக்கும் பாட்டிலையோ கிளாசையோ கொட்டிக் கழுவாமல் கையோடு கொண்டுபோக வேண்டும். கூடக் குடித்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறோம் என்றாலும் அவர்களையும் அதே வண்டியில் ஏற்ற வேண்டும்.