வாசல் அழகு மழைநாளில் தெரியும்

(பண்ணை ஒலிபரப்பில் பேசியது)

வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவேன். இன்றைக்குக் காட்டை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நம்ம வீட்டு வாசலில் நிற்போம்.

கொங்குப் பக்கம் ஒரு கிராமத்தில் மண்சுவர் வைத்த ஓட்டு வீடு. வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும்போது வாசல் பளிச்சென்று இருக்கட்டும் என்று முன்சுவருக்கு இடுப்பளவுக்கு சிமெண்ட் பூசி, மேலே பச்சை பெயிண்ட் அடித்து, இரண்டு பக்கமும் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்துவிட்டார். புரட்டாசியில் வேலை முடிந்தது. ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. நான் போனபோது முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சில இடத்தில் சிமெண்ட்டே பத்தையாகப் பெயர்ந்து தொங்கியது.

"ஏனுங்க சார், பெயிண்ட்டுக்காரன் ஏமாத்திப் போட்டானுங்களா?" என்று கேட்டார்.

பெயிண்ட்டின் மேல் குற்றமில்லை. "அண்ணே, மழை பெய்யும்போது வாசலில் நின்று பார்த்தீர்களா, தண்ணீர் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லும் முன் அவர் வீட்டு அம்மா சொன்னார்: "எங்கே போகுது? எல்லாம் திண்ணைக்கடியில்தான் நிக்குது."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. தெருவுக்கு வருஷா வருஷம் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். வீடு பள்ளத்தில் நின்றுவிட்டது. தெருத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சுவரடியில் தேங்கின. மண்சுவர் அதை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுத்துக்கொண்டது. வெறும் மண்பூச்சும் சுண்ணாம்பும் இருந்திருந்தால் வெயில் வந்ததும் அந்த ஈரம் வெளியே போயிருக்கும். சிமெண்ட்டும் பெயிண்ட்டும் அதன் வாயை அடைத்துவிட்டன. உள்ளே ஊறிய மண் இளகிப்போக, மேலே பூசிய சிமெண்ட் பிடிப்பில்லாமல் கழன்று வந்தது. வீட்டுக்குள்ளே போய்ப் பார்த்தேன். தென்மேற்கு மூலையில் சுவர் கொஞ்சம் உப்பியிருந்தது. அந்த மூலையில்தான் பிள்ளைகள் பாய் போட்டுப் படுப்பார்களாம். அன்றைக்கே பாயை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னேன். அழகு பேச வந்த இடத்தில் உயிர் பேச வேண்டியதாகிவிட்டது.

அதனால் வாசலைத் திருத்த நினைப்பவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியது மண்வெட்டி. நல்ல மழையில் ஒரு தரம் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது, எந்த வழியாகப் போகப் பார்க்கிறது என்று கவனியுங்கள். நிற்கிற இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிடுங்கள். மழை விட்டதும் சுவரை ஒட்டி மண்ணை ஏற்றி, வெளியே போகப் போகச் சரிய விட வேண்டும். சுவரிலிருந்து 10 அடி தள்ளிப் போனால் அரை அடி தாழ்வு இருக்க வேண்டும். கண்ணளவில் பார்த்தால் ஏமாந்துபோவோம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். போடுகிற மண் கெட்டி மண்ணாக இருக்கட்டும், மணலாக இருந்தால் தண்ணீர் உள்ளேயே இறங்கும். அரையடி அரையடியாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திம்ஸு கட்டையால் இடிக்க வேண்டும். ஒன்று மறக்க வேண்டாம்: ஏற்றுகிற மண் வீட்டுத் தரைமட்டத்துக்கு ஓரடியாவது கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் ஈரமும் வரும், கரையானும் கதவு நிலைக்குச் சுலபமாக ஏறிவிடும்.

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற கோடு தரையில் தெரியும். அந்தக் கோட்டில் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லியோ உடைந்த ஓடோ பரப்பிவிடுங்கள். சேறு தெறித்துச் சுவரில் அடிப்பது பாதிக்கு மேல் நின்றுவிடும். நம்ம முன்னோர் வெள்ளைச் சுவருக்குக் கீழே காவிப்பட்டை அடித்தார்களே, சேறு தெறிக்கிற உயரம் அதுதான். பார்க்கவும் லட்சணம், கறையும் தெரியாது. தெருவே வீட்டைவிட மேடாக இருந்தால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பி விட வேண்டும். அண்டை வீட்டுக்காரர் சுவரடிக்குத் திருப்பிவிடாதீர்கள். அப்புறம் பஞ்சாயத்து என்னிடம் வரும்!

அடுத்து சுவர். மண்சுவருக்கு மண்பூச்சே உறவு. செம்மண்ணும் மணலும் கலந்து, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து மிதித்துப் பூசினால் வெடிப்பு குறையும். மழை அடிக்கிற பக்கத்துக்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் தார் கலந்த மண்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. அதைத் தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். தாரைக் காய்ச்சுவது விளையாட்டில்லை.

பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 5 லிட்டர் தண்ணீர். தொட்டியில் முதலில் தண்ணீர், அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, முரட்டுத் துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த வச்சிரம் கொஞ்சம் சேர்த்தால் உடம்பில் ஒட்டாது. கிலோவுக்கு 3 கிராம் நீலம் போட்டால் வெள்ளை எடுப்பாகத் தெரியும். பழைய சுண்ணாம்புப் பொருக்கைச் சுரண்டித் துடைத்து, சுவரை நனைத்துக்கொண்டு, நீர்க்கத்தான் அடிக்க வேண்டும். மூன்று கை அடியுங்கள். ஒரே கையாகக் கெட்டியாக அப்பினால் பொங்கலுக்குள் உதிர்ந்துவிடும்.

மதில் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். கையில் நாலு காசு வந்ததும் உயரமாக ஒரு மதில் எழுப்பிவிட வேண்டும் என்று பலருக்கு ஆசை. 2019-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி விடிகாலையில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் நடூரில், அடைமழையில் ஒரு மதில் சாய்ந்து அடுத்த வீடுகளின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். ஒருவர் வீட்டு மதில் அடுத்தவர் தலைமேல் நிற்கிறது என்பதை அந்த நாளில் எல்லோரும் பார்த்தோம். மதிலுக்கு ஒரு பக்கம் மண் மேடாக நின்றால், அந்த மண் மழையில் ஊறிச் சுவரைத் தள்ளும். அடியில் தண்ணீர் வடியத் துளை இல்லாவிட்டால் தள்ளுகிற பலம் இன்னும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டுவதானால் கொத்தனார் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் இஞ்சினீயர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கட்டுங்கள். ஏற்கெனவே கட்டிய மதில் சாய்ந்தோ வெடித்தோ இருந்தால் மழைக்கு முன்னாலேயே இறக்கிவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் கிராமத்து வீட்டுக்கு உயிர்வேலிதான் அழகு. கிளுவைப் போத்துகளைக் கட்டைவிரல் பருமனில் வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் ஊன்றினபடியே துளிர்த்துவிடும். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தாத்தா காலத்துக் கிளுவை வேலி இன்னும் நிற்கிறது. ஆட்டுத் தொல்லை உள்ள ஊரில் ஆடாதோடை, நொச்சி வைக்கலாம், ஆடு வாய் வைக்காது. மருதாணியைக் கத்தரித்து வளர்த்தால் பச்சைச் சுவர் போல நிற்கும், பெண்பிள்ளைகளுக்கும் ஆயிற்று. கிளைரிசிடியா வைத்தால் வெட்டுகிற தழை வயலுக்குப் போகும். சீமைக் கருவேலை மட்டும் வேலிக்கென்று வைத்துவிடாதீர்கள், வைப்பது சுலபம், எடுப்பது பெரும்பாடு. வேலியோரம் பார்த்தீனியம் முளைத்தால் பூப்பதற்கு முன்னால் பிடுங்கிவிடுங்கள். வெறுங்கையால் பிடுங்கினால் சிலருக்கு அரிப்பு எடுக்கும், கையில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு வருவோம். வேம்பும் புங்கமும் நல்ல நிழல், ஆனால் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். மேற்குப் பக்கம் வைத்தால் சாயங்கால வெயில் சுவரில் அடிக்காது, இரவில் வீடு புழுங்காது. தென்னையை வாசல்படிக்கு நேரே வைப்பவர்களைப் பார்க்கிறேன். காய் விழுகிற இடத்தில்தானே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்? முருங்கையைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடுங்கள். சிறு காற்றுக்கே முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். மாப்பிள்ளை வீட்டார் வந்து திண்ணையில் உட்காரும் நேரம் பார்த்து அதுவும் இறங்கி வரும். சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையைக் கிள்ளிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். வேரோடு எடுத்து வெடிப்பை அடைக்க வேண்டும்.

பூச்செடிகளில் செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ மூன்றும் அதிகம் கவனிப்பு கேட்காதவை. சுவரை ஒட்டி நடாமல் 3 அடி தள்ளி, ஒன்றரை அடிக் குழியில் மக்கிய தொழுவுரம் போட்டு நடுங்கள். சுவரை ஒட்டி நட்டால் நாம் ஊற்றுகிற தண்ணீரே சுவரை ஊறவைக்கும், முன்னே பட்ட பாடெல்லாம் வீண். அரளி அழகுதான், ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். மாடு கட்டுகிற, பிள்ளைகள் விளையாடுகிற வாசலுக்கு அது வேண்டாம். வாசலில் கோலம் போட இடம் விட்டுவிட்டு மீதியில் செடி வையுங்கள். வாசல் முழுவதும் சிமெண்ட் தளம் போட்டுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் கால் வைக்க முடியாது, ஒரு சொட்டு மழைத் தண்ணீரும் மண்ணில் இறங்காது.

குளிக்கிற தண்ணீரைத் தெருவில் விடாமல் கொல்லையில் நாலு வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்ச்சுங்கள், ஒரே இடத்தில் தேங்காமல் மாற்றி மாற்றி. குப்பைக்குழி கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் இருக்கட்டும். உடைந்த குடம், கொட்டாங்கச்சி, பழைய டயர் எதுவும் வாசலில் கிடக்க வேண்டாம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அந்தப் பெரியவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டார். மகனும் அவருமாக இரண்டு நாளில் மண்ணை ஏற்றி வாய்க்கால் வெட்டினார்கள். மூலைச் சுவரைக் கொத்தனார் முட்டுக் கொடுத்துப் பிரித்துத் திரும்ப எடுத்தார். அதற்குத்தான் செலவு பிடித்தது, பெயிண்ட்டுக்குக் கொடுத்த காசு இருந்தால் அதிலே பாதியாவது தேறியிருக்கும் என்று அந்த அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை மாதம் போனபோது வெள்ளைச் சுவர், காவிப்பட்டை, வேலியோரம் துளிர்விட்ட கிளுவை எல்லாம் இருந்தது. பந்தலில் கிடந்த பழைய குண்டுமல்லியைக் காட்டி, "இது ஏனுங்க பூக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரவாக்கில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துப் பண்ணி, அடியைக் கொத்தித் தொழுவுரம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் வீட்டு மல்லிக்கும் அதே கணக்குதான்.